புலிச்சாமிக்குத் தடுப்பூசி

நாய் முட்டையைத் தூக்கிக்கொண்டு போனால் அதற்குப் பெயர் திருட்டு. இதைச் சொல்ல யாரிடமும் உத்தரவு வாங்க வேண்டியதில்லை. ஆனால் எங்கள் மலையூர் சுவான்காவில் அப்படிச் சொன்னால் அடிக்க வருவார்கள். அந்த நாய் படுப்பது நிலச்சாமி கோயிலில், சாமி மேடைக்கு அடியில், புலிச்சாமிக்குப் பக்கத்தில்.

எங்கள் பக்கத்துக் கோயில்களில் மேடைமேல் வெள்ளைத் தாடியோடு நிலச்சாமி உட்கார்ந்திருப்பார். மேடைக்குக் கீழே, தரையோடு தரையாக, அவருடைய வாகனமான புலி. கை அளவு மரப்புலிதான், ஆனாலும் சாமி. ஜுரம் வந்த பிள்ளைகளுக்காக அவரைக் கும்பிடுவார்கள். பச்சை முட்டை என்றால் அவருக்கு உயிர். அந்த முட்டையை வாங்குவது என்னிடம். என் பெயர் பிலியான். கோயிலுக்கு எதிரே, ஆலமரத்தடியில் தள்ளுவண்டி. மேல்தட்டில் என் கோழிகள் போட்ட முட்டை, பக்கத்து அடுப்பில் தேயிலையும் சோயாச் சாறும் போட்டு வேகவைத்த முட்டை. மலைக்குப் போகிறவர்கள் தேயிலை முட்டையை வாங்குவார்கள், கோயிலுக்கு வருகிறவர்கள் பச்சை முட்டையை வாங்குவார்கள். என் வீட்டுக்காரர் தைச்சுங் நகரத்தில் லாரி ஓட்டுகிறார். வந்தால் தூங்குவார், எழுந்தால் போய்விடுவார். ஆகவே நானும் கோழிகளும்தான்.

அந்த நாய் ஒரு புயலுக்குப் பிறகு எங்கிருந்தோ வந்தது. பழுப்பு உடம்பு, கறுப்பு வரிகள். நேரே கோயிலுக்குள் போய், குனிந்து மேடைக்கு அடியில் புகுந்து, மரப்புலிக்குப் பக்கத்தில் சுருண்டு படுத்துவிட்டது. காலையில் தூபம் போட வந்த கிம்தோ அண்ணன் குனிந்து பார்த்தார். ஒரு புலிக்கு இரண்டு புலி. அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டார். அன்றிலிருந்து அது நாய் இல்லை, புலிச்சாமி.

கிம்தோ அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோயில் பின்னறையில் தனியாக இருக்கிறார். கோயிலைப் பெருக்குவது, தூபம் ஏற்றுவது, விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவது எல்லாம் அவர்தான். ஆட்களோடு அதிகம் பேச மாட்டார். நாயோடு பேசுவார். இன்று என்ன வெயில், ஊர்த்தலைவர் எப்படி வாக்கு மாறினார், முழங்கால் எப்படி வலிக்கிறது, எல்லாம் அதற்குத் தெரியும். அதுவும் தலையைச் சாய்த்துக் கேட்கும். கேட்டுவிட்டு என் வண்டிக்கு வரும்.

புலி பசித்தாலும் புல்லைத் தின்னாதாம். எங்கள் புலி பசிக்காவிட்டாலும் முட்டையைத் தின்னும். சாமிக்கு வைத்த முட்டையைத் தின்று ருசி கண்டதும், நடுவில் பக்தர்கள் எதற்கு என்று நினைத்ததோ என்னவோ, நேராக என் தட்டிலிருந்தே எடுக்க ஆரம்பித்தது. ஓடு உடையாமல் வாயில் கவ்வுகிற சாமர்த்தியம் இருக்கிறதே, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். "டேய் திருடா!" என்று நான் கத்துவேன். அது மூங்கில் தோப்புக்குள் பாயும். நான்கு வருஷமாக இது தினசரிப் பூஜை.

கிம்தோ அண்ணனிடம் சொன்னால், "பிலியான், புலிச்சாமி உன் கடையைத் தேடி வர்றாரு. கொடுத்து வச்சவ நீ" என்பார்.

"கொடுத்து வச்சவதான். தெனம் ஒண்ணு கொடுத்துத்தான் வச்சிருக்கேன்" என்பேன்.

இப்படியே போயிருக்கும். அந்தக் கோடையில் தொலைக்காட்சியில் செய்தி வந்தது. ஐம்பது வருஷமாக எங்கள் தீவில் இல்லாத வெறிநோய் மறுபடி வந்துவிட்டது. அதுவும் நாயிடம் இல்லை, மலையில் திரியும் வெள்ளைமூஞ்சியிடம். கீரிக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கும் அது, நெற்றியில் வெள்ளைக் கோடு. எங்கள் மூங்கில் தோப்பில் அது சாதாரணம். ராத்திரி குப்பையைக் கிளறும், ஆளைக் கண்டால் ஓடிவிடும். இப்போது அதைக் கண்டால் ஆள் ஓடினார்கள்.

பயம் வந்தால் மனுஷன் புத்தி போகிற போக்கே வேறு. நேற்றுவரை நாய்க்குச் சட்டை போட்டு நடத்திக்கொண்டு போனவர்கள், கீழே டவுனிலிருந்து காரில் வந்து எங்கள் தேயிலைச் சரிவில் நாயை இறக்கிவிட்டுப் போனார்கள். அவை காரின் பின்னாலேயே வளைவுவரை ஓடின. எங்கள் ஊரும் ஒன்றும் யோக்கியம் இல்லை. புலிச்சாமியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர்கள், இப்போது முட்டையைத் தூரத்திலிருந்து உருட்டிவிட்டார்கள்.

பிறகு அரசாங்க அறிவிப்பு வந்தது. நாய், பூனை எல்லாவற்றுக்கும் வருஷம் ஒருமுறை தடுப்பூசி கட்டாயம். போட்டதற்கு அடையாளமாகக் கழுத்தில் ஒரு வில்லை மாட்ட வேண்டும். போடாத சொந்தக்காரருக்கு அபராதம். சொந்தக்காரர் இல்லாத நாயை வண்டி வந்து பிடித்துக்கொண்டு போகும். காப்பகத்தில் பன்னிரண்டு நாள் வைத்திருப்பார்கள். கேட்டு யாரும் வராவிட்டால் அங்கேயும் ஊசிதான், ஆனால் அது வேறு ஊசி.

பூனைக்கு யார் மணி கட்டுவது என்பார்கள். எங்கள் ஊரில் புலிக்கு யார் வில்லை கட்டுவது என்பதே கேள்வி. ஆனால் ஊசி போட ஆள் வந்த அன்றைக்குக் காலைவரை அந்தக் கேள்வி யாருக்கும் தோன்றவில்லை. சாமிக்கு எதற்கு ஊசி?

கால்நடை மருத்துவர் யே கோயில் முற்றத்தில் மேசை போட்டார். ஒல்லியான பெண், முழங்கால்வரை ரப்பர் காலணி, சிரித்தால் முகமே மாறிவிடும். ஊரே வரிசையில் நின்றது. நாய்கள் கயிற்றில், பூனைகள் வெங்காய வலையில். பூனையை வலையில் போட்டால் வலைமேலேயே குத்திவிடலாம், பிராண்டாது. முற்றத்து ஓரத்தில் நீல வண்டி ஒன்று நின்றது. அதன் ஓட்டுநர் சுருக்குக் கயிறு கட்டிய கழியைச் சாய்த்துவைத்துவிட்டு, என்னிடம் இரண்டு தேயிலை முட்டை வாங்கித் தின்றுகொண்டிருந்தார். அவரைப் பார்த்தால் கெட்டவராகத் தெரியவில்லை. அவருக்கும் அது ஒரு வேலை.

வரிசை முடிந்தது. யே கையுறையைக் கழற்றப் போனவர், கோயிலுக்குள் எட்டிப் பார்த்தார்.

"மேடைக்கு அடியில படுத்திருக்கே, அது யாரோட நாய்?"

கிம்தோ அண்ணன்தான் முன்னால் வந்தார். "அது நாயில்ல டாக்டரம்மா."

"பின்ன?"

"புலிச்சாமி."

யே குனிந்து பார்த்தார். நாய் கொட்டாவி விட்டது. "சாமிக்கு ஊசி போட்டாச்சா?"

"சாமிக்குப் போய்..." கிம்தோ அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

யே சிரிக்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. "அண்ணே, எங்க அம்மா ஊர்லயும் புலிச்சாமி இருக்காரு. நான் கேலி பண்ணல. ஊசி போட இப்பவே ரெடி. ஆனா பேரு எழுத ஒரு ஆள் வேணும். சொந்தக்காரர்னு. வருஷா வருஷம் கூட்டியாந்து போட்டுக்கிறேன், அது யாரையாச்சும் கடிச்சா நான் பொறுப்புன்னு சொல்ற ஒரு மனுஷர். சாமிக்கு அடையாள எண் கெடையாதே?"

"ஆள் இல்லன்னா?" என்று கேட்டார் ஊர்த்தலைவர் ஹோக்லாய். தொந்தி பெரிது, குரல் அதைவிடப் பெரிது. தேர்தலில் மூன்றுமுறை ஜெயித்தவர்.

யே நீல வண்டியைப் பார்த்தார். "சாயங்காலம்வரை காத்திருக்க முடியாது. மதியம் அடுத்த ஊர். அதுக்குள்ள சொல்லுங்க. நான் போட்ட சட்டம் இல்ல இது. ஆனா மேல தோப்புல வெள்ளைமூஞ்சி திரியுது. ஊசி இல்லாத நாயைப் பிள்ளைங்க விளையாடற எடத்துல விட்டுட்டுப் போனா எனக்குத் தூக்கம் வராது."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதனால்தான் எல்லாருக்கும் கஷ்டமாக இருந்தது.

"கிம்தோ, நீ எழுதிக் குடுத்துரு. நீதானே பாத்துக்கிற?" என்றார் ஹோக்லாய்.

கிம்தோ அண்ணன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "தூபம் போடற கையால, புலிச்சாமி எனக்குச் சொந்தம்னு எழுதறதா? நான் அவருக்குச் சொந்தம்னு எழுதச் சொல்லு, பத்து எடத்துல கையெழுத்துப் போடறேன்."

"அப்ப நாயைக் கொண்டு போயிருவாங்கடா!"

"தெரியுது. ஆனாலும் கை வரமாட்டேங்குது."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது பழமொழி. எங்கள் பூசாரி தன் உயிரையே கொடுப்பார், கையெழுத்துதான் கொடுக்க மாட்டார். பக்தியால் காப்பாற்றி வளர்த்த நாயைப் பக்தியாலேயே சாகக் கொடுக்கப் போகிறாரே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. பாவமாகவும் இருந்தது.

"சாமிகிட்டயே கேட்டுருவோம்" என்றார் ஹோக்லாய். எங்கள் ஊரில் கடைசியில் எல்லாம் அங்கேதான் வந்து நிற்கும். வருஷத் திருவிழாவை யார் எடுத்து நடத்துவது என்பதைக்கூடப் பிறைக்கட்டை போட்டுத்தான் முடிவு செய்வோம்.

பிறைக்கட்டை என்பது இரண்டு மரத்துண்டு. ஒருபக்கம் தட்டை, ஒருபக்கம் உருண்டை. பெயர், பிறந்த நாள், வீடு எல்லாம் சொல்லிக் கேள்வியைக் கேட்டுத் தரையில் போட வேண்டும். ஒன்று மல்லாந்து ஒன்று குப்புற விழுந்தால் சாமி 'ஆமாம்' என்கிறார். இரண்டும் குப்புற விழுந்தால் 'இல்லை'. இரண்டும் தட்டைப் பக்கம் மேலே தெரிய விழுந்தால் சாமி சிரிக்கிறார், அதாவது கேள்வியே சரியில்லை. இது மாதிரிப் பெரிய விஷயத்துக்குத் தொடர்ந்து மூன்று 'ஆமாம்' விழ வேண்டும்.

முதலில் கிம்தோ அண்ணன். சாமியே சம்மதித்தால் எழுதித் தருகிறேன் என்று முழந்தாளிட்டார். கட்டை விழுந்தது. இரண்டும் குப்புற. இல்லை.

ஹோக்லாய் போட்டார். இரண்டும் மல்லாந்தன. "சாமிக்கே சிரிப்பு வருது" என்று யாரோ பின்னால் சொன்னார்கள். அவர் திரும்பி முறைத்தார்.

சலூன்காரி ஆசூய் போட்டாள். இல்லை. அவள் விட்ட பெருமூச்சு முற்றம்வரை கேட்டது. தேயிலைக்காரர் போட்டார், மளிகைக்காரர் போட்டார், வேண்டாவெறுப்பாக ஹோக்லாயின் மருமகளும் போட்டாள். இல்லை, சிரிப்பு, இல்லை. சிலர் முகத்தில் நிம்மதியைப் பார்த்தேன். சாமியே வேண்டாம் என்றபின் நாம் என்ன செய்வது என்கிற நிம்மதி. அது எனக்குப் பிடிக்கவில்லை.

கிம்தோ அண்ணன் மறுபடி முழந்தாளிட்டார். "இந்த ஒரு வருஷத்துக்கு மட்டும்" என்று கெஞ்சினார். இல்லை. அவர் எழுந்திருக்கவில்லை. மேடைக்கு அடியில் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணில் நீர் நின்றது. நாய் அவர் கையை நக்கியது.

என் தள்ளுவண்டிப் பக்கத்தில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "என் பேரையும்தான் கேட்டுப் பாத்துருங்களேன்! அதுக்கும் இல்லன்னு சொல்லட்டும், அவங்கவங்க வேலையைப் பாக்கப் போகலாம்!"

சொன்ன பிறகுதான் ஊரே என்னைத் திரும்பிப் பார்ப்பது தெரிந்தது.

"வாக்கா, வா" என்றாள் ஆசூய், என் கையில் கட்டையைத் திணித்து.

நான் உள்ளே போய், பெயரைச் சொல்லி, வீட்டைச் சொல்லி, வேகமாகப் போட்டேன். ஒன்று மல்லாந்து, ஒன்று குப்புற. ஆமாம்.

நான் மறுபடி போட்டேன். ஆமாம்.

"எனக்குத் தலை சுத்துது" என்றார் ஹோக்லாய். அவர் மருமகள் கைப்பேசியை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தாள்.

மூன்றாவது முறை எனக்கே கை வழுக்கியது. ஒரு கட்டை என் காலடியிலேயே குப்புற விழுந்தது. இன்னொன்று உருண்டு, தத்தி, மேடைக்கு அடியில் போய்விட்டது. எப்படி விழுந்தது என்று பார்க்க வேண்டுமே. ஊர்த்தலைவர், சலூன்காரி, தேயிலைக்காரர், மருத்துவர் யே உட்பட எல்லாரும் தரையில் கன்னத்தை ஒட்டிப் படுத்தோம். அதுவும் குப்புறக் கிடந்தது. அப்படியானால் இல்லை. என் நெஞ்சு லேசாயிற்று. அப்போது அந்தத் திருட்டு நாய் மூக்கை நீட்டிக் கட்டையை மோந்து பார்த்தது. முட்டை என்று நினைத்திருக்கும். மூக்கால் ஒரு தள்ளு. கட்டை புரண்டு மல்லாந்தது.

"ஆமாம்!" என்று கிம்தோ அண்ணன் அலறினார்.

"என்ன ஆமாம்? முதல்ல குப்புறத்தானே கெடந்துச்சு! தள்ளிவிட்டது அதுதானே!" என்றேன். "வழக்குல மாட்டினவனே தீர்ப்பு எழுதறதா?"

கிம்தோ அண்ணன் எழுந்து நின்றார். அவ்வளவு நேராக அவர் நின்று நான் பார்த்ததில்லை. "மேடைக்கு மேல நிலச்சாமி ராஜ்யம். மேடைக்குக் கீழ புலிச்சாமி ராஜ்யம். கட்டை அவரு ராஜ்யத்துக்குள்ள போச்சு. அவரு தன் மூக்காலயே பதில் சொல்லிட்டாரு."

"சட்டப்படி செல்லும்" என்றார் ஹோக்லாய், எந்தச் சட்டம் என்று சொல்லாமல்.

நான் விடுவேனா? புலிச்சாமியோடு பேரம் பேசினேன். எங்கள் ஊரில் சாமியோடு பேரம் பேசுவது குற்றமில்லை. குப்புறப் படுத்துக்கொண்டு சொன்னேன், "என்னை விட்டுருங்க, மாசம் பத்து முட்டை வைக்கிறேன்." போட்டேன். சிரிப்பு. "வாரம் அஞ்சு." இல்லை. பின்னால் ஊரே ஏலம் கேட்பதுபோலக் கத்தியது. "ஏத்துக்கா, ஏத்து! கஞ்சப்பிசினாறித்தனம் பண்ணாத!" "தெனம் ஒண்ணு" என்றேன். மறுபடி சிரிப்பு. தினம் ஒன்று அவருக்கு ஏற்கனவே கிடைக்கிறதே, சிரிக்காமல் என்ன செய்வார்?

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கட்டையைக் கிம்தோ அண்ணன் கையில் வைத்துவிட்டு, "என்னால முடியாது" என்று சொல்லி வண்டிக்குத் திரும்பிவிட்டேன்.

கோபம் என்று சொன்னேன். அது கோபம் இல்லை, பயம். கல்யாணமான புதிதில் நான் ஒரு நாய் வளர்த்தேன். வெள்ளை நாய், கூப்பிடுவதற்கு முன்னால் வந்து நிற்கும். தேயிலை லாரி அடித்துப் போட்டது. என் மடியில்தான் போயிற்று. அதற்குப் பிறகு நான் என் கோழிகளுக்குக்கூடப் பெயர் வைத்ததில்லை. பெயர் வைத்துவிட்டால், அது போகும்போது நம்மையும் கொஞ்சம் பிய்த்துக்கொண்டு போகும். யாருடைய நாயாகவோ இருந்து அது என்னிடம் திருடட்டும், நான் திட்டிக்கொள்கிறேன். அந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

யே என் வண்டிவரை வந்தார். வற்புறுத்தவில்லை. "மனசு இல்லாம எழுதறது நாய்க்கும் நல்லதில்ல அக்கா" என்று மட்டும் சொன்னார். பிறகு ஓட்டுநரைப் பார்த்துத் தலையசைத்தார். அப்படிச் செய்ய யேவுக்கே பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

ஓட்டுநர் முட்டை ஓட்டைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, கழியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கிம்தோ அண்ணன் மேடைக்கு முன்னால் கையை விரித்து நின்றார். பிறகு கை தானாகத் தாழ்ந்தது. "மெதுவாப் பிடிங்க தம்பி. முன்னங்கால்ல ஒரு முள்ளு குத்தின புண்ணு இருக்கு" என்றார். அதைக் கேட்டதும் ஆசூய் அழுதுவிட்டாள்.

சுருக்கு மேடைக்கு அடியில் போனதும் நாய் பாய்ந்தது. ஓட்டுநரின் கால்களுக்கு நடுவே புகுந்து, கிம்தோ அண்ணன் நீட்டிய கையைத் தாண்டி, முற்றத்தைக் கடந்து, மூங்கில் தோப்புப் பக்கம் போகும் என்று எல்லாரும் நினைத்தோம். போகவில்லை. நேராக என் வண்டிக்கு வந்து கீழ்த்தட்டுக்குள் நுழைந்துவிட்டது.

கீழ்த்தட்டில் முட்டைக்கு வைக்கும் வைக்கோல் இருக்கிறது. நான் குனிந்து பார்த்தேன். வைக்கோலில் அதன் உடம்பு அளவுக்கு ஒரு பள்ளம். ஒருநாளில் விழுகிற பள்ளம் இல்லை. ஓரத்தில் முட்டை ஓட்டுத் துண்டுகள், என் பழைய கந்தல் கையுறை ஒன்று, நான் தொலைத்துவிட்டதாக நினைத்த அகப்பைக் காம்பு. தோப்புக்குள் ஓடுவதுபோல ஓடி, சுற்றிக்கொண்டு பின்பக்கமாக இங்கே வந்து படுத்திருக்கிறது. நான் வெயிலில் நின்று அதைத் திட்டிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அது என் காலடியில்தான் இருந்திருக்கிறது. என்ன நெஞ்சழுத்தம்! அது என்னைப் பார்த்தது. நடுங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, கொஞ்சம் நகருங்க" என்றார் ஓட்டுநர். சுருக்கு என் காலுக்குப் பக்கத்தில் வந்தது.

"கயித்தை எடு."

"அக்கா, சொந்தக்காரர் இல்லாத நாயி..."

"இல்லன்னு யாரு சொன்னா? கண்ணு முன்னால குத்துக்கல்லாட்டம் நிக்கிறேனே, தெரியலயா?"

ஓட்டுநர் சிரித்தார். கழியைத் தோளில் போட்டுக்கொண்டு, "தெரியுது அக்கா, நல்லாவே தெரியுது" என்று விலகிப் போனார். கோயில் பக்கமிருந்து ஒரே கைதட்டல். கிம்தோ அண்ணன் நிலச்சாமிக்கும் புலிச்சாமிக்கும் எனக்கும் சேர்த்து ஒரே கும்பிடாகப் போட்டார்.

யே மேசையை மறுபடி விரித்தார். என் பெயர், வீடு, அடையாள எண் எல்லாம் எழுதினார். "நாய் பேரு?"

"புலிச்சாமி" என்றார் கிம்தோ அண்ணன்.

"அண்ணே, சாமி பேரை அரசாங்கத் தாள்ல எழுதி, நாளைக்கு 'புலிச்சாமிக்கு ஊசி பாக்கி'ன்னு கடுதாசி வந்தா நல்லாவா இருக்கும்? கூப்பிட்டா திரும்பற பேரு எது? அதைச் சொல்லுங்க. அதை வெளிய கூப்பிட்டாத்தான் ஊசி போட முடியும்."

ஊரே கூப்பிட்டது. "புலிச்சாமி! சாமியோவ்! வாங்க சாமி!" ஹோக்லாய் தேர்தல் குரலில் கூப்பிட்டார். கிம்தோ அண்ணன் ஒரு முட்டையைக் காட்டிக் கொஞ்சினார். வைக்கோல்கூட அசையவில்லை. நான்கு வருஷமாக அந்தப் பெயரைச் சொல்லித்தான் கும்பிட்டார்கள். அதற்கு அது தன் பெயர் என்றே தெரியவில்லை.

யே என்னைப் பார்த்தார். "நீங்க என்னன்னு கூப்பிடுவீங்க?"

"நான் எங்க கூப்பிட்டேன்? திட்டுறதோட சரி."

"திட்டுங்க பாப்போம்."

நான் குனிந்து, கூச்சத்தோடு, வழக்கத்தில் பாதிக் குரலில், "டேய் திருடா" என்றேன்.

இரண்டு காதும் நிமிர்ந்தன. பிறகு மடங்கின. வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு மெதுவாக வெளியே வந்து, என் காலடியில் உட்கார்ந்து, இன்றைக்கு என்ன தப்புச் செய்தேன் என்பதுபோல அண்ணாந்து பார்த்தது. கோழிக்குக்கூடப் பெயர் வைக்காதவள், தெரியாமலேயே இதற்கு வைத்திருக்கிறேன். வைத்ததோடு இல்லாமல் தினமும் ஊர் கேட்கக் கூப்பிட்டும் இருக்கிறேன்.

"திருடன்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே யே எழுதினார். "ஆண். வரி நிறம்."

தலையைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். ஊசி இறங்கியபோது அது என் அக்குளுக்குள் மூஞ்சியைப் புதைத்துக்கொண்டது. கடிக்கவில்லை, குரைக்கவில்லை. கழுத்துத் தோலுக்கு அடியில் அடையாளச் சிப்பும் வைத்தார். அதற்குத்தான் கொஞ்சம் முனகியது. "அவ்வளவுதான்டா, அவ்வளவுதான்" என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். யாருக்குச் சொன்னேன் என்று இப்போதும் தெரியாது.

ஆசூய் தன் கடையிலிருந்து சிவப்பு நாடா ஒன்று கொண்டுவந்தாள். யே அதில் ஆரஞ்சு நிற வில்லையைக் கோத்து என் கையில் கொடுத்தார். "இது சொந்தக்காரர்தான் கட்டணும்." அப்படிச் சட்டம் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. கட்டினேன்.

"மருந்து பிடிக்கிறவரைக்கும் தோப்புக்குள்ள விடாதீங்க. அடுத்த வருஷம் இதே சமயம் வருவேன். நீங்க வரலன்னா கடுதாசி வரும்."

"நீங்க வாங்க, முட்டை வச்சிருப்பேன்" என்றேன். ஓட்டுநருக்கும் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். நீல வண்டி காலியாகவே இறங்கிப் போனது.

கிம்தோ அண்ணன் தயங்கித் தயங்கி வந்தார். "பிலியான், ஒண்ணு கேக்கலாமா? படுக்கிறது மட்டும் கோயில்லயே..."

"படுக்கை உங்ககிட்ட, சாப்பாடு என்கிட்ட, கடிச்சா போலீஸ் என் வீட்டுக்கு. நல்ல பாகப்பிரிவினைதான்."

"அது கடிக்காதும்மா."

"தெரியும், அண்ணே. சும்மா சொன்னேன்."

அவர் நாயைப் பார்த்து, "சாமி, உங்க வீட்டம்மாவுக்குக் கோவம் வராம நடந்துக்கங்க" என்றார். அதற்குள் அது அவர் கையிலிருந்த முட்டையைக் கவ்விவிட்டது.

மறுநாள் காலை நான் அடுப்பைப் பற்றவைத்துத் திரும்பினால் மேல்தட்டில் முட்டை இருந்த ஒரு குழி காலி. எனக்கு எங்கிருந்துதான் அந்தச் சத்தம் வருமோ, "டேய் திருடா!" என்று கத்திவிட்டேன். கத்தியதும் பழக்கதோஷத்தில் மூங்கில் தோப்பைப் பார்த்தேன். நான்கு வருஷமாக அந்தச் சத்தம் கேட்டால் அது அங்கேதான் பாயும். தோப்பில் ஒன்றும் அசையவில்லை. வில்லை கிணுகிணுக்கிற சத்தம் கோயிலிலிருந்து கேட்டது. அது நெருங்கி வந்தது.

ஓடி வந்து என் முன்னால் நின்றது. வால் ஆடியது. முகவாய் முழுக்க மஞ்சள் கரு. நான் இடுப்பில் கட்டியிருந்த துணியால் துடைத்துவிட்டேன்.